நர்சுகள் ஏன் போகிறார்கள்?

எங்கள் முன்பதிவு கவுண்ட்டரில் இப்போது பழைய கூட்டம் இல்லை. எல்லோரும் செல்போனிலேயே டிக்கெட்டு எடுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் நம் ஊர்ப்பக்கத்துக்காரர்கள் சிலர் இன்னும் படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டு நேரில்தான் வருவார்கள். தெரிந்த ஆள் உட்கார்ந்திருந்தால் கீழ்ப்படுக்கை கிடைத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. கம்ப்யூட்டருக்கு உறவுமுறை எல்லாம் தெரியாது என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்?

அப்படித்தான் சென்ற மாதம் ஒரு பெண் வந்தாள். தாராவியில் எங்கள் தெருவில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்தவள். நெல்லை மாவட்டத்துக்காரி. நாலு வருடம் நர்சிங் படித்துவிட்டு, மும்பையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு வருடமாக வேலை. நாகர்கோவில் எக்ஸ்பிரசில் திருநெல்வேலிக்கு ஒரு டிக்கெட்டு கேட்டாள்.

"திரும்பி வர எந்தத் தேதிக்குப் போட?" என்றேன்.

"ரிட்டன் வேண்டாம்ணே. வேலைய விட்டுட்டேன்."

முன்பெல்லாம் நர்சுகளுக்கு ரெயிலில் 25 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. விடுப்பில் போகவும் வேலைக்குத் திரும்பவும் ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கி வந்து நீட்டுவார்கள். 2020 மார்ச் 20-ந் தேதி மற்றப் பல சலுகைகளோடு சேர்ந்து அதுவும் நிறுத்தப்பட்டது. அதற்கு இரண்டு நாள் கழித்து, மார்ச் 22-ந் தேதி மாலை 5 மணிக்கு, நாடு முழுவதும் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் கைதட்டினோம். தட்டைத் தட்டினோம். நானும்தான் தட்டினேன்.

அன்று மாலை டியூட்டி முடிந்ததும் அந்தப் பெண்ணின் அறைக்குப் போய் விசாரித்தேன். சம்பளம் போதவில்லையா? வீட்டில் கல்யாணம் பேசுகிறார்களா? வெளிநாடா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள்.

"உடம்பு அசதின்னா தூங்கி எந்திச்சா போயிரும்ணே. இது தூங்கினாலும் போவ மாட்டேங்கு. போன மாசம் ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டாங்க. காதுல விழுந்துச்சு. விழாத மாதிரி நடந்துட்டேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனி இந்த வேலைக்கு நான் லாயக்கில்லைன்னு."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிப் புகார் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

இதற்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டில் ஒரு விளக்கம் கொடுத்தது. வேலை இடத்தில் நீண்ட நாளாக இருக்கும் நெருக்கடியைச் சரிசெய்யாமல் விட்டால் வருகிற நிலை இது என்றது. மூன்று அடையாளங்களையும் சொன்னது. சத்து முழுவதும் வடிந்தது போன்ற களைப்பு ஒன்று. செய்கிற வேலையிடமே வெறுப்பும் விலகலும் ஒன்று. 'என்னால் சரியாகச் செய்ய முடியவில்லை' என்ற எண்ணம் ஒன்று. அந்தப் பெண் இந்த அறிக்கையைப் படித்தவள் அல்ல. ஆனால் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இது ஒரு நோய் அல்ல, வேலை சம்பந்தப்பட்ட நிலை என்றே அந்த நிறுவனம் எழுதியிருக்கிறது. அதாவது கோளாறு வேலையில் இருக்கிறது. மருந்து சாப்பிட வேண்டியவர் நர்சு அல்ல.

ஆஸ்பத்திரி நிர்வாகத்தாரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். "இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சேவை மனப்பான்மை இல்லை. எல்லோருக்கும் வெளிநாட்டு ஆசை" என்பார்கள். மே 12-ந் தேதி நர்சுகள் தினத்தன்று கேக் வெட்டுவார்கள். சில இடங்களில் யோகா வகுப்பும் நடத்துகிறார்கள். பன்னிரண்டு மணி நேர இரவு டியூட்டி முடித்து வருகிறவளைப் பிடித்து, மூச்சை உள்ளே இழு என்றால் அவள் என்ன செய்வாள்?

நானும் கத்தியவன்தான்

மற்றவர்களைச் சொல்லுமுன் என் தவறையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் என் தகப்பனாருக்கு நடுராத்திரியில் மூச்சுத் திணறியது. ரெயில்வே ஆஸ்பத்திரி தூரம். பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வார்டில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் இரவு குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துவிட்டது. குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன். மணி அடித்தேன். யாரும் வரவில்லை. மறுபடியும் அடித்தேன். கால் மணி நேரம் கழித்து ஒரு நர்சு ஓடிவந்தாள். வார்டே விழித்துக்கொள்ளும்படி அவளைக் கத்தினேன். காசு வாங்கவில்லையா என்று கேட்டேன். அவள் பதில் பேசவில்லை. குழாயைச் சரிசெய்து, அப்பாவின் போர்வையை இழுத்துவிட்டுப் போனாள்.

கோபம் தணிந்த பிறகு, தூக்கம் வராமல் வராந்தாவில் நடந்தேன். ரெயில்வே குமாஸ்தாவுக்கு எண்ணுவது பழக்கம். எண்ணினேன். 22 கட்டில்கள். இரவுக்கு இரண்டு நர்சுகள். அதில் ஒருவர் ஒரு நோயாளியை ஸ்கேன் எடுக்கக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போயிருந்தார். ஆக, நான் மணி அடித்த நேரத்தில் 22 பேருக்கும் அவள் ஒருத்திதான். அந்த நேரத்தில் வேறு யாருடைய கட்டிலில் என்ன அவசரமோ.

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி, சாதாரண ஆஸ்பத்திரி வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்சு வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒருவர். லீவில் போகிறவர்களுக்கு மாற்றாக 30 சதவீதம் பேர் கூடுதலாகவும் இருக்க வேண்டும். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. எங்கள் தெருப் பெண் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று பேரைப் பார்த்திருக்கிறாள். ஒருவருக்கு வெண்டிலேட்டர், ஒருவருக்கு டயாலிசிஸ், ஒருவர் நினைவு தெளிந்து குழாய்களைப் பிடுங்கப் பார்க்கிறவர். மணிக்கு மணி ரத்த அழுத்தம் எழுத வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். நடுவில் மருந்துச் சீட்டு, இன்சூரன்சு காகிதம், துணிக் கணக்கு. வெளியே நிற்கிற உறவினர்களுக்கு இந்தியிலும் மராத்தியிலும் சமாதானம். இவ்வளவும் முடித்துவிட்டுப் போகிறபோது, சாப்பிட்டோமா என்பதே மறந்திருக்கும் என்றாள்.

ஆள் குறைந்தால் யாருக்கு நஷ்டம்? அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினாலும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறதாம். நர்சு இப்படிச் சோர்ந்து போகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறதாம். நர்சின் களைப்பும் நோயாளியின் உயிரும் ஒரே கணக்கில் வருகின்றன. கலிபோர்னியா மாநிலம் ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிதான் என்று 1999-ல் சட்டமே இயற்றி, 2004 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ரெயில்வேயில் ஒரு கணக்கு உண்டு

எனக்குத் தெரிந்த துறையில் இருந்து ஒரு விஷயம் சொல்கிறேன். 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தில் ஊழியர்களின் வேலையை வகை பிரித்திருக்கிறார்கள். விடாத கவனமோ கடும் உடலுழைப்போ வேண்டியிருக்கிற, இடையில் ஓய்வே கிடைக்காத வேலைக்குத் தீவிர வேலை என்று பெயர். அந்த வகையில் வருகிறவருக்கு, 14 நாள் சராசரியில் வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் வேலை கொடுக்கக் கூடாது. எந்த வேலை எந்த வகை என்பதை அதிகாரியின் மனம்போல் முடிவு செய்வதில்லை. இன்ஸ்பெக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஊழியர் என்னென்ன செய்கிறார் என்று நேரம் குறித்து எழுதுவார். அதை வைத்துத்தான் வகை.

இதெல்லாம் ரெயில்வே போர்டு மனம் இரங்கிக் கொடுத்ததல்ல. 10 மணி நேர டியூட்டி என்ற ஒப்புதலை 1973-ல் வேலைநிறுத்தம் செய்துதான் என்ஜின் டிரைவர்கள் வாங்கினார்கள். இன்றும் விதி மீறப்படுகிறது என்று அவர்கள் புகார் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் மீறுவதற்காவது ஒரு விதி இருக்கிறது. களைத்துப் போனவன் கையில் ரெயிலைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. களைத்துப் போனவள் கையில் ஊசியைக் கொடுத்தால் மட்டும் ஒன்றும் ஆகாதா?

நர்சுகளுக்காக ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2011 அக்டோபரில் மும்பையில் ஒரு கேரளத்து நர்சு உயிரை மாய்த்துக்கொண்டார். ஒப்பந்தத்தைக் காட்டி அசல் சான்றிதழ்களைத் தராமல் வைத்திருந்தார்கள் என்று அப்போது பெரிய போராட்டம் நடந்தது. சுப்ரீம் கோர்ட்டு 2016 ஜனவரியில் சொன்ன பிறகு, மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. 200 கட்டிலுக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகள் மாநில அரசு நர்சுகளுக்குச் சமமாகச் சம்பளம் தர வேண்டும், 50 கட்டிலுக்குக் குறைந்த இடத்திலும் ரூ.20 ஆயிரத்துக்குக் குறையக் கூடாது, வேலை நேரமும் லீவும் அரசு நர்சுகளுக்கு உள்ளது போல் இருக்க வேண்டும் என்று அந்தக் கமிட்டி சொன்னது. நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களுக்குப் போனது. கேரள அரசு 2018 ஏப்ரலில் ரூ.20 ஆயிரம் என்று உத்தரவு போட்டது. அங்கே நர்சுகள் சங்கம் வைத்துத் தெருவில் இறங்கியிருந்தார்கள், அதனால் நடந்தது.

நம் தமிழ்நாட்டு அரசு மட்டும் என்ன வாழ்ந்தது? 2017 நவம்பரில் சென்னையில் ஒப்பந்த நர்சுகள் உட்கார்ந்து போராடினார்களே, அவர்கள் அப்போது வாங்கிய சம்பளம் மாதம் ரூ.7,700. இங்கே மராட்டியத்தில் 2022 மே மாதம் அரசு நர்சுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெளி ஏஜென்சி மூலம் ஆள் எடுக்காதே என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. ஏஜென்சி ஆள் ஆறு மாதத்தில் போய்விடுவார். இருக்கிறவர் தலையில்தான் புது ஆளுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையும் விழும்.

சம்பளம் கூடினால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் தெருப் பெண் சம்பளத்துக்காகப் போகவில்லை. கொல்கத்தாவில் 2020 மே மாதம் ஒரே வாரத்தில் 300-க்கும் மேற்பட்ட நர்சுகள் தனியார் ஆஸ்பத்திரிகளை விட்டுச் சொந்த ஊருக்குப் போனார்கள். பெரும்பாலோர் மணிப்பூர்ப் பெண்கள். பாதுகாப்பு உடை சரியாக இல்லை, முகத்தைப் பார்த்துக் கேலி பேசுகிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் சொன்ன காரணங்கள். அந்த மாதம் 3-ந் தேதிதான் ஆஸ்பத்திரிகள் மீது விமானப்படை ஹெலிகாப்டர்களில் இருந்து பூத் தூவினார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கிற நம் பெண்களுக்கு வேலையை விடுவது லேசான காரியமில்லை. படிக்க வாங்கிய கடன் பாக்கி இருக்கும். ஊரில் தம்பி கல்லூரியில் இருப்பான். "இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்தோமே" என்று அம்மா ஒரு வார்த்தை சொல்வாள். அதையெல்லாம் தாண்டி ஒருத்தி வருகிறாள் என்றால் உள்ளே எவ்வளவு வெந்திருக்க வேண்டும்? ஊருக்குப் போய் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். சென்னையில் கம்ப்யூட்டரில் நோய்களுக்கு எண் போடுகிற வேலை இருக்கிறதாம். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றாள். ஆறு வருட அனுபவம் இப்படிப் போகிறது. அவள் இடத்தில் நாளை ஒரு புதுப் பெண் நிற்பாள். வெண்டிலேட்டர் அலாரம் எதற்காக அடிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளவே அவளுக்குச் சில மாதம் ஆகும்.

ஆகவே மராட்டிய அரசு செய்ய வேண்டியது இதுதான். நர்சு, நோயாளி எண்ணிக்கையைக் கட்டாயமாக்க வேண்டும். வேலை நேரத்துக்கு ரெயில்வேயில் உள்ளது போல் ஒரு உச்சவரம்பு வேண்டும். ஒவ்வொரு வார்டு வாசலிலும் 'இந்த ஷிப்டில் கட்டில் இத்தனை, நர்சு இத்தனை' என்று ஒரு பலகையில் எழுதிப் போட வேண்டும். கட்டணப் பலகை மாட்ட இடம் இருக்கிற சுவரில் இதற்கும் இடம் இருக்கும். மும்பைத் தமிழ் அமைப்புகள் விழா நடத்துவதோடு நிற்காமல், நம் நர்சுகளைக் கூட்டி வைத்து ஒரு நாள் பேசச் சொல்லலாம். சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்கிற இடங்களில் போய்க் கேட்க ஒரு வக்கீலையாவது ஏற்பாடு செய்யலாம்.

சென்ற வாரம் எங்கள் அலுவலக நண்பர் ஒருவரின் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போயிருந்தோம். முன்பணம் கட்டும் இடத்தில், "ராத்திரி இந்த வார்டில் எத்தனை நர்சு இருப்பார்கள்?" என்று கேட்டேன். கவுண்ட்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டி.வி. உண்டு, ஏ.சி. உண்டு என்றார். மறுபடியும் கேட்டேன். பின்னால் நிற்பவர்களுக்கு வழி விடச் சொன்னார்.