ஃபிலோமினாவின் கடை

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், வூஸ்டர் தெருவில் 1925-இல் தொடங்கிய பீட்சா கடை 'ஃபிராங்க் பெப்பே'. இத்தாலியின் மையோரியிலிருந்து பதின்ம வயதில் பிழைக்க வந்தவர் பெப்பே. முதல் உலகப் போருக்காகத் தாய்நாடு போனவர், மனைவி ஃபிலோமினாவோடு திரும்பினார். ரொட்டிக்கடையில் வேலை பார்த்தார், தெருவில் பீட்சாவைச் சுமந்து விற்றார், பிறகுதான் சொந்தக் கடை. நிலக்கரி அடுப்பின் கடும் சூட்டில் ஓரம் கருகி, மெல்லிசாக வரும் அந்தத் தக்காளிப் பீட்சாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எல்லாம் பெப்பேயின் கைப்பக்குவத்தைப் பற்றித்தான். ஆங்கிலத்தைத் தானே கற்றுக்கொண்டு, கடை நிலைக்க அவரோடு சேர்ந்து உழைத்த ஃபிலோமினாவுக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். எனக்கு இது பெரும் அநியாயமாகப் படுகிறது. குடும்பக் கடை என்கிறோம். பெயர்ப்பலகையில் குடும்பம் எங்கே? பெப்பேக்குப் பின் அடுப்பை அணையாமல் காத்தவர்களும் மகள்கள்தான்: எலிசபெத், செராஃபினா. 1938-இல் அதே தெருவில் பெப்பேயின் சகோதரி மகன் சால் கான்சிக்லியோவின் பெயரில் 'சாலீஸ்' வந்தது. அந்தக் கடைக்கும் அவருடைய மனைவி ஃபுளோரா வாழ்நாளெல்லாம் உழைத்தார். நியூ ஹேவன் பீட்சாவின் வரலாற்றை இந்தப் பெண்களிடமிருந்து எழுதத் தொடங்க வேண்டும்.