பூச்சிக்கு மருந்தா?

சென்ற மாதத்தில் ஒருநாள் மாலை விறாந்தையில் இருந்து மாணாக்கருடைய கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அயல்வீட்டு இளைஞர் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். முன்பு என்னிடத்தில் இலக்கணம் படித்தவர். வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. படிக்கட்டருகில் சாடியில் நிற்கின்ற செவ்வரத்தையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, இதிலை வெண்மூட்டுப்பூச்சி பிடிச்சிருக்கு. மருந்து அடிச்சால் இரண்டு நாளிலை சரியாப் போயிடும். என்னட்டைப் போத்திலிலை மிச்சம் கிடக்கு, கொண்டுவந்து தரட்டோ?” என்றார்.

அவர் அன்பினாற் சொன்னார். ஆனால், சிவப்பு மையும் கையுமாக வழுக்களைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு, ‘மருந்து’ என்ற சொல் காதில் நெருடியது. “மருந்து ஆருக்குத் தம்பி? பூச்சிக்கோ?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார், பழைய மாணாக்கர் அல்லரா! “நான்காம் வேற்றுமை கொடைப்பொருளிலை மட்டுமோ ஐயா வாறது? பகைப்பொருளிலும் வரும் எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள். காய்ச்சலுக்கு மருந்து எண்டால், காய்ச்சல் பிழைக்கிறதுக்கோ மருந்து?” என்றார்.

விடை சரியானது. இலக்கணத்தில் யான் தோற்றேன், தோற்றதில் மகிழ்ச்சியே. ஆனால் அவர் போன பின்பு அந்த விடையையே நெடுநேரம் சிந்தித்துக்கொண்டிருந்தேன். காய்ச்சலுக்குக் கொடுப்பதுபோலப் பூச்சிக்கு அடிப்பதும் மருந்தாயின், மருந்துக்குரிய இலக்கணம் அதற்கும் பொருந்துதல் வேண்டுமன்றோ? மருந்துக்கு வேண்டுவன மூன்று. நோய் இன்னதென்று தெரிதல் ஒன்று, பத்தியம் ஒன்று, அளவு ஒன்று. இம்மூன்றையும் பாராமற் கொடுப்பவரை நாம் வைத்தியர் என்று சொல்வதில்லை. வீட்டு வளவில் நாம் ‘மருந்து’ அடிக்கும்போது இவற்றுள் எதனைப் பார்க்கின்றோம்?

முதலாவது, நோய் தெரிதல். என் அறியாமையையே இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவிடுகிறேன். இதே செவ்வரத்தையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் வெண்ணிறமாய்ப் பஞ்சுபோலச் சில புழுக்கள் ஊர்ந்தன. வெண்மூட்டுப்பூச்சியே சற்றுப் பெருத்துவிட்டது என்று எண்ணி, ஒவ்வொன்றாகக் குச்சியால் எடுத்து நசுக்கினேன். எட்டாம் வகுப்பிற் படிக்கும் சிறுவன் ஒருவன் அருகில் நின்று, “ஐயா, அது பொறிவண்டின்ரை குஞ்சு, அதுதான் மற்றதைத் தின்னுறது” என்றான். அவன் சொன்னதே உண்மை. பொறிவண்டினத்துச் சிலவற்றின் புழுக்கள் தாம் உண்ணும் பூச்சியைப் போலவே வெண்மெழுகு போர்த்துத் திரியும். பகைவனைக் கொல்வதாக எண்ணிக் காவற்காரனைக் கொன்றுகொண்டிருந்தேன். குச்சி பிடித்த கையே இவ்வாறு பிழைக்குமாயின், தெளிகருவி பிடித்த கை என்ன செய்யும்?

பூச்சிநஞ்சுகளுள் மிகப் பல, நண்பனையும் பகைவனையும் வேறு பிரித்து அறியமாட்டா. எஞ்சிய பகைவன் விரைந்து பெருகுவான்; அவனை உண்பதற்கு எவரும் இரார். அதனால் முதலில் அடித்தவர் இரண்டாம் முறையும் அடிக்கவேண்டியவராகிறார்.

அரசாங்க விவசாயப் பிரசுரங்களில் ‘பீடை’ என்றொரு சொல் வழங்குகின்றது. நல்ல சொல். பீடை என்பது துன்பம். அஃது ஓர் உயிரின் பெயரன்று. அவ்வுயிரால் நமக்கு நேரும் துன்பத்தின் பெயர். தேசிக்கன்றின் இலையிற் பறவையின் எச்சம்போல ஒட்டிக்கிடந்து, பின் பச்சைநிறங்கொண்டு இலை தின்னும் புழு, சில நாளில் கறுப்பும் மஞ்சளுமான வண்ணத்துப்பூச்சியாய்ப் பறந்துபோகின்றது. முற்றிய மரத்தில் நாலு புழு இருந்தால் அது பீடையன்று, விருந்தினர். ஒரு முழக் கன்றில் நாலு புழு இருந்தால் அது பீடைதான். கையால் எடுத்து அப்புறப்படுத்துதல் தகும். எண்ணிப் பார்த்தபின் அன்றோ பீடையென்று பெயரிடவேண்டும்?

எறும்பையும் பார்த்தல் வேண்டும். செடியில் எறும்பு சாரைசாரையாய் ஏறுமாயின், இலையின் கீழே அழுக்கணவனோ வெண்மூட்டுப்பூச்சியோ இருக்கின்றதென்று பெரும்பாலும் துணியலாம். அவை கழிக்கும் இனிய நீரை எறும்பு உண்கின்றது; அதற்குக் கைம்மாறாக அவற்றைப் பொறிவண்டிடமிருந்து காக்கின்றது. சாடியை நீருள்ள தட்டத்தின் நடுவே, அடி நீரிற் படாதபடி கல்லின்மேல் உயர்த்தி வைத்து, இலைகள் சுவரிலோ தூணிலோ முட்டாமற் பார்த்துக்கொண்டால் எறும்பின் வழி அடைபடும். வேலையிற் பாதி முடிந்தது. தட்டத்து நீரை நுளம்பு பெருகாதபடி அடிக்கடி மாற்றிவிடுக.

இரண்டாவது, பத்தியம். வள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதில் மருந்தைக் காட்டிலும் உணவின் அளவைப் பற்றியே மிகுதியாகப் பேசினார். செடிக்கும் அதுவே நீதி. சாடிச்செடிகளுட் பல பூச்சியாற் சாவதில்லை. நம் அன்பினாற் சாகின்றன. காலையும் மாலையும் தவறாது நீர் ஊற்றுகின்றோம். வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இடைவெளியெல்லாம் நீர் நிரம்பினால் வேர் அழுகும். விரலை மண்ணுள் ஓர் அங்குலம் நுழைத்துப் பார்த்து, ஈரமில்லையாயின் ஊற்றுக. சாடியின் அடியில் துவாரம் இருத்தல் வேண்டும். உரமும் அப்படியே. தழைச்சத்து மிகுந்தால் தளிர் மென்மையாய்க் கொழுக்கும். அக்கொழுப்பே அழுக்கணவனுக்கு அழைப்பு. வீட்டினுள்ளே வைத்த மணிப்பிளான்ற், குரோட்டன் முதலியவற்றின் இலையை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் மேலும் கீழும் துடைத்துவிட்டால் தூசும் போகும். பூச்சி குடியேறுமுன் நம் கண்ணிலும் படும்.

மூன்றாவது, அளவு. பத்தியத்தால் அடங்காதபோது மருந்து வேண்டுமென்பதை யான் மறுக்கவில்லை. முதல் மருந்து தண்ணீரே. இலையின் அடிப்புறத்தில் விசையாகப் பீச்சினால் அழுக்கணவன் உதிரும். அடுத்தது சவர்க்கார நீர். ஒரு லீற்றர் நீருக்கு மென்மையான சவர்க்காரக் கரைசல் ஒரு தேக்கரண்டி போதும். அது பூச்சியின் மேனியில் நேரே பட்டாலன்றி வேலை செய்யாது. ஆகவே இலையின் கீழே படவேண்டும். முதலில் ஓர் இலையில் மாத்திரம் தெளித்து, ஒருநாள் பொறுத்துப் பார்த்தல் நன்று. அதற்கும் மிஞ்சினால் வேம்பு. வேப்பம்பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் சேர்த்துத் தெளிக்கலாம். அதிலுள்ள அசாடிரக்ரின் என்னும் பொருள் பூச்சியை உடனே கொல்வதில்லை, உண்ணவொட்டாது தடுக்கின்றது, தோலுரித்து வளரவொட்டாது மறிக்கின்றது. வெயிலில் விரைவிற் சிதைவதனால் மாலையிலேயே தெளித்தல் வேண்டும். மறுநாட் காலையிற் பூச்சி உயிரோடிருக்கக் கண்டு, வேம்பு பயனில்லையென்று சொல்வோர் பொறுமையில்லாதவர்.

இங்கே ஒன்று சொல்லாதுவிட்டால் யான் நேர்மையற்றவனாவேன். ‘இயற்கை’ என்ற சொல்லும் ‘மருந்து’ என்ற சொல்லைப் போலவே நம்மை ஏமாற்றவல்லது. நமது யாழ்ப்பாணத்திற் புகையிலை விளைகின்றது. புகையிலையை ஊறவைத்த நீரைப் பூச்சிக்கு அடிக்கும் வழக்கமும் உண்டு. அஃது இயற்கைதான். ஆயினும் அதிலுள்ள நிக்கொற்றின் கொடிய நஞ்சு. தோலின் வழியாகவும் உடம்பிற் சேரும். வேப்பெண்ணெயும் சிறுகுழந்தை குடித்தால் ஆபத்து. ஆகையால் இலையிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்பது மாத்திரம் கேள்வியன்று. எதற்கு, எவ்வளவு, எங்கே வைத்திருக்கின்றோம் என்பனவும் கேள்விகள்.

எங்கே வைத்திருக்கின்றோம் என்று எழுதும்போது கை சற்று நிற்கின்றது. ஏழு ஆண்டுகளுக்கு முன்னர், அடுக்களைக் கோடியில் நின்ற கறிவேப்பிலைக்கு யானும் ‘மருந்து’ அடித்தேன். மனைவிக்குச் சொல்ல மறந்துபோனேன். மறுநாள் அவர் அந்த இலையைக் கிள்ளிச் சொதியில் இட்டார். சொதி கொதிக்கும்போதுதான் எனக்கு நினைவு வந்தது, பானையோடு ஊற்றினோம். அவ்வளவோடு அறிவு வந்ததா? இல்லை. எஞ்சியதை ஒரு சோடாப் போத்தலில் ஊற்றி, மாலின் மூலையில் வைத்தேன். சில நாளின் பின் மூன்று வயதுப் பேர்த்தி அப்போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். மூடி இறுகியிருந்தது. அன்று எங்களைக் காத்தது என் கல்வியன்று, அந்த மூடிதான். போத்தலிற் பெயர்ச்சீட்டும் இல்லை. வைத்தியர் கேட்டிருந்தால் என்ன நஞ்சென்று எவர் சொல்லியிருப்பார்? வளவில் ஊற்றிவிடவும் மனம் ஒப்பவில்லை. நம் நிலம் சுண்ணாம்புக்கல்; மேலே ஊற்றுவது கிணற்றைத் தேடிப் போகும். விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டே அதனை அப்புறப்படுத்தினேன்.

இஃது என் வீட்டுக் கதை மாத்திரமன்று. 1995 ஆம் ஆண்டளவில் இந்நாட்டிற் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாய் இருந்தது. பலர் உட்கொண்டது வீட்டிற் கைக்கெட்டிய பூச்சிநஞ்சே. கொடிய நஞ்சுகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அவ்வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. கையெட்டும் தூரத்திற் போத்தல் இல்லாததனால் பிழைத்தவர் ஆயிரக்கணக்கினர். சாடிச்செடி நாலுக்காக அப்போத்தலை மீண்டும் வீட்டுக்குள் கொண்டுவருவானேன்?

“அப்படியாயின் எல்லா நஞ்சையும் ஒரே நாளில் ஒழித்துவிடலாமே” என்பார் சிலர். அதனையும் கண்டோம். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரமும் பீடைநாசினியும் இறக்குமதி செய்வது திடீரெனத் தடுக்கப்பட்டது. நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. இடையில் நெல்விளைவு வீழ்ந்தது, கமக்காரர் கலங்கினர். பத்தியம் பழக்காமல் மருந்தைப் பறித்ததன் விளைவு அது. மண்ணும் மனிதரும் மாறுவதற்குக் காலம் வேண்டும். காலங்கொடுத்து அறிவோடு செய்தால் பலிக்கும் என்பதற்கும் இந்நாட்டிலேயே சான்றுண்டு. 2008 ஆம் ஆண்டிற் பப்பாசியை அழிக்கும் வெண்மூட்டுப்பூச்சி இங்கு காணப்பட்டது. மறு ஆண்டில், அதன் உடம்பினுள் முட்டையிட்டு அதனைக் கொல்லும் மிகச்சிறு குளவியினம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்டது. ஒரு மில்லிமீற்றர் நீளமும் இல்லாத அக்குளவி, தெளிகருவிகளால் ஆகாததைச் செய்தது. ஆனால் நாம் நஞ்சு தெளிக்கும் இடத்தில் அக்குளவி வாழாது.

வயலும் தோட்டமும் செய்து பிழைப்பவருக்கு யான் புத்தி சொல்லவரவில்லை. அவர்களுடைய கடனும் கவலையும் எனக்கு இல்லை. யான் சொல்வது விறாந்தைச் சாடிக்கும் கிணற்றடி வாழைக்கும் கோடிக் கறிவேப்பிலைக்கும். அங்கே ஓர் இலை போனால் எவரும் பட்டினி கிடப்பதில்லை. பொறுமையைப் பழகுவதற்கு அதனினும் நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

இதை எழுதும்போது செவ்வரத்தையில் வெண்மை இன்னும் முற்றாக நீங்கவில்லை. இரண்டு கொப்பை வெட்டினேன். இருமுறை சவர்க்கார நீர் தெளித்தேன். நேற்று ஒரு பொறிவண்டு வந்திருந்தது. அதற்கும் இரை வேண்டுமன்றோ என்று மீதியை விட்டிருக்கிறேன்.

அயல்வீட்டு இளைஞரிடம் ஒன்று மாத்திரம் கேட்டுக்கொண்டேன். வாசகரிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் அப்படியொரு போத்தல் இருந்தால், அதன்மேல் ‘மருந்து’ என்று எழுதற்க. பெரிய எழுத்தில் ‘நஞ்சு’ என்று எழுதி, பூட்டிவைக்க. நஞ்சு என்று சொல்லப் பழகியவன், அதனை எடுக்குமுன் ஒருகணம் யோசிப்பான்.