பெர்மிட்டைப் படித்த பிறகு ஆட்டை விற்கட்டும்

வியாழக்கிழமை விடியுமுன்பே திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர் ஆட்டுச்சந்தை கூடிவிடுகிறது. ஆட்டைக் கயிற்றோடு கைமாற்றிவிட்டு, நோட்டுகளை எண்ணி மடியில் முடிந்துகொள்கிறவர்களில் மகனைச் சிங்கப்பூருக்கு அனுப்பப் பணம் புரட்டுகிறவரும் இருப்பார். மானாவாரிக் காடும், பறிகூலிக்குக்கூடக் கட்டாத தக்காளியும் பிள்ளைகளை விமானம் ஏற்றுகின்றன. அதைக் குறை சொல்வதற்கில்லை. பணம் கைமாறும் வரிசைதான் தவறாக இருக்கிறது.

சிங்கப்பூர் மனிதவள அமைச்சு வேலை பெர்மிட்டுக்கு ஒப்புதல் தந்ததும் ஒரு கடிதம் வரும். கட்டுமானத் தொழிலாளிகள் அதை ‘ஐபிஏ’ என்பார்கள். முதலாளி யார், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, எதற்கெல்லாம் பிடித்தம் என்று அதில் இருக்கும். தொழிலாளியின் தாய்மொழியிலும் அது உண்டு. ஊரைவிட்டுக் கிளம்புமுன் அவர் கைக்கு அது வந்தாக வேண்டும் என்பது அந்நாட்டு விதி. நம் ஊரில் நடப்பதோ தலைகீழ். முன்பணம் கட்டியாயிற்று, ‘டெஸ்ட்’ எனப்படும் திறன் தேர்வு அடித்தாயிற்று, நகை அடகுக்குப் போயிற்று. அதன் பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் வருகிறது. சம்பளத் தொகை இருக்கும் பக்கத்தைக் கேட்டால், “அங்கே போய்ப் பார்த்துக்கலாம் தம்பி” என்கிறார் ஏஜென்ட்.

அங்கே போன பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அந்த பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. அவர் சம்மதமில்லாமல் வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமானால், கட்டுமானத் தொழிலாளிக்குக் கிடைப்பது பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரையிலான இடைவெளி மட்டுமே. மலேசியாவின் ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு, தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழர்கள் உண்டு. அவர்களுக்கும் பெர்மிட் வேண்டும். ஆனால் வேலை ஒத்துவராவிட்டால் ராத்திரியே வீடு போய்ச் சேரலாம். நம் பையன் திரும்பினால் வாசலில் வட்டிக்காரர் நிற்பார். கடன்தான் அவனை அந்த முதலாளியிடம் கட்டிப்போடுகிறது, பெர்மிட்டை விடவும் இறுக்கமாக.

நம் சட்டத்திலும் பெரிய ஓட்டை இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். அந்தப் பட்டியலில் மலேசியா இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. பாலத்துக்கு மலேசியப் பக்கம் போகிறவரின் ஒப்பந்தத்தை அரசு பார்க்கிறது, சிங்கப்பூர்ப் பக்கம் போகிறவரின் காகிதத்தை யாரும் பார்ப்பதில்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் சேவைக் கட்டணம் வாங்கக்கூடாது என்ற விதி எல்லோருக்கும் பொதுதான். பதிவே இல்லாதவர் ‘பயிற்சிச் செலவு’ என்று லட்சக்கணக்கில் வாங்கும்போது அந்த விதி எங்கே போகிறது?

1983 சட்டத்துக்குப் பதிலாக ஒரு புதிய சட்ட வரைவை மத்திய அரசு 2025 அக்டோபரில் கருத்துக் கேட்புக்கு வெளியிட்டது. நாடுகளின் பட்டியலைப் பிடித்துக்கொண்டிராமல், வேலை பெர்மிட்டில் போகும் ஒவ்வொருவரின் ஒப்பந்தத்தையும் பதிவு செய்யும் ஏற்பாடு அந்தச் சட்டத்தில் வர வேண்டும். பெர்மிட் கடிதம் தாய்மொழியில் தொழிலாளியின் கைக்கு வருமுன் ஒரு ரூபாய் வாங்கினாலும் அது குற்றமாக வேண்டும். ‘இவ்வளவு கண்டிப்பு வந்தால் வாய்ப்பு பக்கத்து நாட்டுக்காரனுக்குப் போய்விடும்’ என்று ஏஜென்ட்கள் சொல்வார்கள். சிங்கப்பூர் தன் விதியிலேயே எழுதிவைத்திருப்பதைக் கேட்டு வாங்கினால் எந்த முதலாளியும் ஓடிவிடமாட்டார்.

சட்டம் வரும்வரை தமிழக அரசு கைகட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அயல்நாட்டு வேலைக்கென்றே 1978இல் தொடங்கிய அரசு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. வெளிநாடு வாழ் தமிழருக்கென்று 2011இல் சட்டம் இயற்றப்பட்டு, நல வாரியமும் செயல்படுகிறது. கடிதத்தை வாங்கி வரிவரியாகப் படித்துக் காட்டவும், ஏஜென்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கவும் ஒரு மேசை, ஒரு கணினி, விஷயம் தெரிந்த ஓர் ஊழியர் போதும். திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் அதை நிரந்தரமாக வைக்கலாம். வியாழக்கிழமைகளில் மட்டும், சந்தை கூடும் நேரத்திலேயே, அய்யலூர் பேரூராட்சி அலுவலகத்தில் அந்த மேசை போடப்பட வேண்டும்.