தலைப்பாகை மட்டும்தானா நாம்?



உங்கள் பிள்ளையிடம் லெப்டினன் அட்னான் யார் என்று கேட்டுப் பாருங்கள். பள்ளியில் படித்ததைச் சொல்வான். சொல்லட்டும். அவர் மாவீரர், அதில் நமக்கு மறுப்பே இல்லை.

அட்னான் பின் சைடி 1915-இல் காஜாங் பக்கம் சுங்கை ராமாலில் பிறந்தவர். 1933-இல், மலாய் ரெஜிமென்ட் தொடங்கிய ஆண்டிலேயே, அதில் சேர்ந்தார். 1937-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டிய அணிவகுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சாதாரண வீரராகச் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தவர். 1942 பிப்ரவரி 14-இல் சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங்கில், புக்கிட் சண்டு குன்றில், பின்வாங்காமல் போராடி மாண்டார். மறுநாள் சிங்கப்பூர் சரணடைந்தது.

அந்தச் சண்டையைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஜப்பானியர் தலைப்பாகை கட்டி, பஞ்சாபிச் சிப்பாய்கள் போல வந்தார்களாம். பிரிட்டிஷ் படையினர் வரிசைக்கு மூவராக நடப்பார்கள். வந்தவர்களோ நால்வராக நடந்தார்கள். அட்னான் சூழ்ச்சியைப் புரிந்துகொண்டு சுட உத்தரவிட்டார்.

இந்தக் கதையில் இந்தியன் எங்கே? எதிரி போட்ட வேடத்தில் மட்டும்தான்!

ஜப்பானியன் ஏன் அந்த வேடத்தைப் போட்டான்? உண்மையான இந்தியச் சிப்பாய் அங்கே போரிட்டுக்கொண்டிருந்ததால்தானே! 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாரு கடற்கரையில் டோக்ராக்கள், கம்பாரில் சீக்கியர், மூவாரில் கார்வாலிகள் என்று இந்த மண்ணில் இரத்தம் சிந்தினார்கள். அவர்கள் தமிழரல்லர். ஆனாலும் ‘இந்தியர் இந்த நாட்டுக்கு என்ன செய்தார்கள்?’ என்று கேட்பவர்களுக்கு அவர்களும் பதில்தான்.

தமிழன் எங்கே இருந்தான்? தோட்டத்தில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தான். அவனை ஆசை காட்டியும் பிடித்து இழுத்தும் சயாமுக்கு ஏற்றினார்கள். 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, ஆயிரக்கணக்கான நம் மக்கள் காலராவிலும் பட்டினியிலும் செத்திருந்தார்கள். காஞ்சனாபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களைக் குழியில் கொட்டி மூடினார்கள். பெயரும் பொறிக்கவில்லை, கல்லும் நாட்டவில்லை. துப்பாக்கி ஏந்தியவன் சாவு மட்டும்தான் சாவா?

பெற்றோர்களே! அட்னானை மறக்கச் சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த பக்கத்தைக் குறைக்கவும் சொல்லவில்லை. நம் பக்கத்தையும் சேர்க்கச் சொல்கிறோம். பிள்ளையின் வரலாற்றுப் பாடநூலைத் திறந்து, சயாம் ரயிலுக்கு எத்தனை வரி என்று எண்ணுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவின் பெயரை, தோட்டத்தின் பெயரோடு இன்றே எழுதி வையுங்கள். பாட்டி சொன்னது உங்களோடு போய்விடக் கூடாது.

நாளை ஒருவன் உங்கள் பிள்ளையை ‘வந்தேறி’ என்றால், அவன் தலைகுனிந்து நிற்கக் கூடாது. அட்னான் பெயரையும் சொல்லட்டும், தன் பூட்டன் பெயரையும் சொல்லட்டும்!