கேட்காமல் வந்து உட்காரும் எழுத்துரு

சென்ற மாதம் ஒரு கட்டுரைத் தொகுப்பு எங்கள் மேசைக்கு வந்தது. வேர்டு கோப்பு. பக்க அளவு, மார்ஜின் எல்லாம் நாங்கள் சொன்னபடியே வைத்து, மொத்தம் 192 பக்கம் என்று நூலாசிரியர் குறித்திருந்தார். பதினாறு பக்க ஃபாரம் கணக்கில் சரியாகப் பன்னிரண்டு. அதை நம்பித் தாளுக்கும் பைண்டிங்குக்கும் மதிப்பீடு போட்டாயிற்று. இங்கே கோப்பைத் திறந்தால் 178 பக்கம். பதினொரு ஃபாரம் போக இரண்டு பக்கம் தொங்குகிறது.

யாரும் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. எழுத்துருப் பெட்டியில் அவர் கணினியிலும் லதா, எங்கள் கணினியிலும் லதா. வேறுபாடு ஒன்றுதான். அவருடைய கணினியில் லதா உண்மையிலேயே இருந்தது. நாங்கள் புதிதாக வாங்கிய கணினியில் இல்லை. இல்லாத எழுத்துருவின் பெயரைப் பெட்டியில் காட்டிக்கொண்டே, வேர்டு நிர்மலாவை எடுத்துப் போட்டிருந்தது. லதாவை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நூலாசிரியரிடம் கேட்டேன். “நான் எதையும் தேர்ந்தெடுக்கலையே சார். தட்டினேன், வந்துச்சு” என்றார்.

அந்த ‘வந்துச்சு’தான் இந்த மாதப் பேச்சு. இயல்புநிலை, இயல்பிருப்பு, முன்னிருப்பு என்று அதற்குப் பல பெயர்களை ஆக்கி வைத்திருக்கிறோம். நம் ஆபரேட்டர்களுக்கு அது டீஃபால்ட். எப்படி அழைத்தாலும் பொருள் ஒன்றே: நாம் வாய் திறக்காதபோது நமக்காக வேறொருவர் எடுத்து வைத்த முடிவு. தமிழைப் பொறுத்தவரை அந்த முடிவு பழையது. அது இருக்கும் இடமும் நம் கண்ணில் எளிதில் படுவதில்லை.

லதா விண்டோஸ் 2000-உடன் வந்த எழுத்துரு. விண்டோஸ் 7-இல் விஜயா சேர்ந்தது, விண்டோஸ் 8-இல் நிர்மலா யூஐ வந்தது. விண்டோஸ் 10-இல் லதாவும் விஜயாவும் கூடுதல் எழுத்துருக்கள் என்ற பட்டியலுக்குப் போய்விட்டன. கணினியில் தமிழை ஒரு மொழியாகச் சேர்த்தாலோ, தனியாகக் கேட்டு நிறுவினாலோதான் அவை கிடைக்கும். வேர்டின் தீமிலோ தமிழுக்கு நேரே இன்றும் லதாவின் பெயர்தான். ஆங்கிலத்துக்கான எழுத்துரு 2007-இல் டைம்ஸ் நியூ ரோமனிலிருந்து காலிப்ரிக்கு மாறியது. 2023-இல் காலிப்ரி போய் ஆப்டோஸ் வந்தது. இரண்டு முறையும் ஊர் உலகமெல்லாம் விவாதம் நடந்தது. தமிழ் வரியைத் தொட்டவர் இல்லை. தொடவில்லையே என்று கேட்டவரும் இல்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

இடம் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை. ஏதாவது ஒரு வேர்டு கோப்பை நகலெடுத்து, அதன் வால்பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே ஸ்டைல்ஸ் என்றொரு கோப்பு இருக்கும். அதில் எழுத்துருவுக்கு ஓர் இடம் அல்ல, நான்கு இடம். அடிப்படை ஆங்கில எழுத்துக்கு ஒன்று, அதையொத்த பிற குறிகளுக்கு ஒன்று, சீனம், ஜப்பான் போன்ற கிழக்காசிய எழுத்துகளுக்கு ஒன்று, நான்காவது காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற வகைக்கு. அரபி, ஹீப்ரு, தேவநாகரியோடு தமிழும் உட்காரும் இடம் அதுதான். எழுத்தளவுக்கும் இப்படியே இரண்டு குறிப்பு, தடிமனுக்கும் இரண்டு. ஆங்கிலத்துக்கு 12 புள்ளி என்று வைத்துவிட்டு, தமிழ் 11-லேயே நிற்பதைக் கண்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டவர்கள் நம்மில் உண்டு.

இதில் நம் தலைமுறைக்கு ஒரு தனிச் சிக்கல். பாமினியிலும் வானவில்லிலும் கை பழகிய நாம் இருபது ஆண்டுகள் ஆங்கில இடத்தில்தான் தமிழ் எழுத்துருவை வைத்தோம். அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கிலக் குறியீடுகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியவை. கோப்புக்குள் இருந்தது ஆங்கில எழுத்துக் குவியல். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. அன்று டீஃபால்ட் எழுத்துரு என்பது அழகு பற்றிய கேள்வி அல்ல, பிழைத்திருப்பது பற்றியது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16-ஐயும் தரமாக ஏற்றது. நாமும் ஒருவழியாக ஒருங்குறிக்கு வந்து சேர்ந்தோம். எழுத்து மாறிவிட்டது, கைப்பழக்கம் மாறவில்லை. இன்றும் எழுத்துருவை மாற்றச் சொன்னால் ஆபரேட்டர் ஆங்கில இடத்தில் மாற்றுகிறார். தமிழ் அசையாமல் நிற்கிறது. “சிஸ்டம் ஸ்ட்ரக் ஆயிடுச்சு சார்” என்கிறார். சிஸ்டம் சரியாகத்தான் இருக்கிறது. நாம் வேறு கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. தமிழ்ப் பத்தியில் வரும் எண்களும் நிறுத்தக்குறிகளும் பெரும்பாலும் ஆங்கில இடத்திலிருந்தே உருவம் எடுக்கின்றன. ‘1978-இல்’ என்று தட்டினால் ஆண்டு ஆப்டோஸில், ‘இல்’ தமிழ் எழுத்துருவில். முற்றுப்புள்ளி ஒரு வீட்டுப் பிள்ளை, அதற்கு முந்தைய ‘து’ இன்னொரு வீட்டுப் பிள்ளை. மேற்கோள் குறிகள் தமிழ் எழுத்தின் தலைக்கு மேலே மிதக்கும். வரி இடைவெளியை ‘சிங்கிள்’ என்று விட்டிருந்தால், உயரம் கூடிய எழுத்துரு கலந்த வரி மட்டும் கொஞ்சம் விரிந்து நிற்கும். பக்கம் ஏன் அலை அலையாகத் தெரிகிறது என்று லே-அவுட் செய்பவர் தலையைச் சொறிவார். ஆகவே டீஃபால்ட் என்பது ஓர் எழுத்துரு அல்ல, ஒரு ஜோடி. தமிழுக்கு ஒன்றும், அதனோடு உயரமும் தடிமனும் ஒத்துப்போகும் ஆங்கிலத்துக்கு ஒன்றும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

“எல்லாவற்றையும் செலெக்ட் செய்து ஒரே அடியாக மாற்றிவிட்டால் தீர்ந்தது” என்பவர்களுக்கு ஒரு சொல். கன்ட்ரோல் ஏ அழுத்தினால் பத்திகள் பிடிபடும், அடிக்குறிப்புகள் பிடிபடாது, பக்கத் தலைப்பும் பிடிபடாது. நூல் முழுக்க ஓர் எழுத்துரு, அடிக்குறிப்பில் மட்டும் வேறொன்று என்று அச்சாகி வந்த ஆய்வு நூல்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சில இடங்களில் அதற்குக் காரணமானவர்களும் நாமே. மேலே பூசிய சாயம் அது. ஸ்டைலில் மாற்றினால்தான் அடிவரை இறங்கும்.

“கடைசியில் இன்டிசைனுக்குத்தானே போகப்போகிறது, வேர்டில் எந்த எழுத்துரு இருந்தால் என்ன?” இது நியாயமான கேள்வி போலத் தோன்றும். ஆனால் மெய்ப்பு பார்ப்பது யார்? பாதிப் பிழைகள் வேர்டுத் திரையில்தான் பிடிபடுகின்றன, அல்லது தப்பிக்கின்றன. ‘ஔவை’ என்பதை ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவை’ என்று தட்டியிருப்பார்கள். ‘கௌரவம்’ என்பதற்குப் பதில் ‘கெளரவம்’. சில எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும், கண் ஏமாறும், பொருளடைவு தயாரிக்கும்போது தேடினால் சொல் கிடைக்காது. காலுக்குப் பதில் ரகரம் விழுந்த இடங்களும் அப்படியே. மெய்ப்புக்கான எழுத்துரு இந்த இணைகளைப் பிரித்துக் காட்டுவதாக இருக்க வேண்டும். நூலில் அச்சாகும் எழுத்துரு வேறாக இருக்கட்டும். வேலை பார்க்கும் எழுத்துருவும் வாசிக்கும் எழுத்துருவும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை.

இனி செய்முறை. வேர்டில் வெற்றுக் கோப்பைத் திறந்து கன்ட்ரோல் டி அழுத்துங்கள். ஆங்கில எழுத்துருவுக்குக் கீழே காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற பகுதி தெரியும். தெரியாவிட்டால் ஆபீஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டு வாருங்கள். இரண்டு இடத்திலும் எழுத்துருவையும் அளவையும் நிரப்பி, கீழே ‘செட் ஆஸ் டீஃபால்ட்’ பொத்தானை அழுத்தினால், இந்தக் கோப்புக்கு மட்டுமா, நார்மல் டெம்ப்ளேட்டை ஒட்டி வரும் எல்லாக் கோப்புக்குமா என்று கேட்கும். இரண்டாவதைச் சொன்னால் இனி திறக்கும் புதிய கோப்புகள் அப்படியே வரும். ஏற்கெனவே உள்ளவை மாறாது.

லிப்ரே ஆபீஸில் மொழி அமைப்பில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கினால், ரைட்டரின் அடிப்படை எழுத்துருப் பக்கத்தில் சி.டி.எல். என்று தனி வரிசை கிடைக்கும். கூகுள் டாக்ஸில் ஒரு பத்தியை வேண்டிய எழுத்துருவில் அமைத்து, நார்மல் டெக்ஸ்ட்டை அதற்கேற்பப் புதுப்பித்து, என் டீஃபால்ட் ஸ்டைலாகச் சேமி என்று சொன்னால் போதும். இன்டிசைனில் எந்தக் கோப்பும் திறக்காத நிலையில் செய்யும் அமைப்பே அடுத்து வரும் எல்லாக் கோப்புக்கும் டீஃபால்ட். அப்போதே வேர்ல்டு-ரெடி கம்போசரையும் தேர்ந்தெடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் ‘கொ’வின் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

நார்மல் டெம்ப்ளேட் அந்த ஒரு கணினியோடு நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம். அலுவலகத்தில் ஐந்து கணினி இருந்தால் ஐந்து நார்மல். ஊரெங்கும் உள்ள நூலாசிரியர்களின் கணினியில் என்ன இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். எனவே பதிப்பகத்துக்கென்று தனி டெம்ப்ளேட் கோப்பு ஒன்று வேண்டும். தலைப்பு, உள்தலைப்பு, பத்தி, மேற்கோள், அடிக்குறிப்பு எல்லாவற்றுக்கும் ஸ்டைல் வகுத்து, வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று புள்ளிக் கணக்கில் கட்டி வைத்த கோப்பு. ஒப்பந்தம் அனுப்பும் அதே அஞ்சலில் அதுவும் போக வேண்டும்.

எந்த எழுத்துரு என்று கேட்பீர்கள். பெயரைவிட நிபந்தனைகளைச் சொல்வதே சரி. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடியதாக, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒன்றுபோல இயங்குவதாக, பிடிஎஃப்-இல் பொதிய உரிமத் தடை இல்லாததாக இருக்க வேண்டும். தடிமனுக்குத் தனி வெட்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் மை ஊறியது போலத் தானே தடிமனாக்கும். நோட்டோ செரிஃப் தமிழ், ஹிந்த் மதுரை, முக்த மலர் போன்றவை இந்தக் கணக்கில் தேறுகின்றன. முடிவு செய்யுமுன் ஒரு பக்கச் சோதனைப் படி எடுங்கள். ஞௌ, ணை, க்ஷ, ஸ்ரீ, நீண்ட கூட்டுச்சொற்கள், எண்கள், மேற்கோள் குறிகள், தடித்த வரி எல்லாம் அதில் வரட்டும். பழங்கணக்கு நூல் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள் 2019-இல்தான் ஒருங்குறியில் ஏறின. பெரும்பாலான எழுத்துருக்களில் அவற்றுக்கு இன்னும் வெறும் கட்டம்தான்.

அந்தக் கட்டுரைத் தொகுப்பு என்னவாயிற்று என்று சொல்லிவிடுகிறேன். டெம்ப்ளேட்டில் ஏற்றினோம். அவர் கணினியிலும் எங்கள் கணினியிலும் 184 என்று ஒரே எண் வந்தது. பதினொன்றரை ஃபாரம். மதிப்பீட்டை மாற்றி எழுதினோம். நூலாசிரியருக்கு அந்த டெம்ப்ளேட் பிடித்துப்போய், அடுத்த நூலையும் அதிலேயே தட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த இதழை மூடி வைத்ததும் உங்கள் கணினியில் ஒரு புதிய கோப்பைத் திறந்து ‘அ’ என்று ஒரே ஓர் எழுத்தைத் தட்டிப் பாருங்கள். வந்து உட்காரும் எழுத்துருவை நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால் நல்லது. இல்லையென்றால், அடுத்த கையெழுத்துப்படி வந்து சேர்வதற்குள் அந்த அரைமணி நேர வேலையை முடித்துவிடுங்கள்.

— ஆசிரியர்