யார் மேல தப்பு?



'ஏன் போனை எடுக்கலை?'ன்னு ஆரம்பிச்சு, அஞ்சே நிமிஷத்துல 'உங்க வீட்டுல எல்லாருமே இப்படித்தான்' வரைக்கும் போய் நிக்கிற ஜோடி உங்க கேங்லயும் இருக்கும். சமாதானம் பேசப் போன நண்பர்களே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு, தனியா ஒரு சண்டை ஓடிட்டிருக்கும்!

என்னோட காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் கதையும் இதேதான். காதலிச்சு, வீட்டில் போராடி கல்யாணம் பண்ணி, மூணே வருஷத்தில் 'பிரிஞ்சிடலாமா?'ன்னு வந்து நின்னாங்க. கடைசி முயற்சியா ஒரு கவுன்சலர்கிட்ட போனாங்க. போகும்போது ரெண்டு பேர் மனசிலும் ஒரே கணக்கு... 'யார் மேல தப்புன்னு அவரே சொல்லட்டும்!'

அவர் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை.

கவுன்சலிங் பத்தி நாம முதலில் புரிஞ்சுக்க வேண்டியது இதுதான். அது பஞ்சாயத்து இல்லை. கவுன்சலர் நாட்டாமையும் இல்லை. முதல் நாள் ரெண்டு பேரையும் சேர்த்து உட்காரவெச்சுப் பேசுவாங்க. பெரும்பாலும் அடுத்து தனித்தனியா. பிறகு மறுபடியும் சேர்த்து. தனியா சொன்ன ரகசியம் ஜோடிகிட்ட போகுமா, போகாதா? இதை முதல் நாளே தைரியமா கேட்டுடுங்க. ஒரே நாளில் மேஜிக் நடக்காது பாஸ். வாரம் ஒரு மணி நேரம், சில மாசம்னு போகலாம். வீட்டுல செஞ்சு பார்க்க ஹோம்வொர்க்கும் உண்டு!

அமெரிக்காவில் ஜான் காட்மன்னு ஒரு உளவியல் பேராசிரியர். சியாட்டிலில் 1986-ல் தம்பதிகளுக்காகவே ஒரு ஆய்வுக்கூடம் ஆரம்பிச்சார். அவங்க சண்டை போடுறதை வீடியோ எடுத்து, இதயத்துடிப்பையும் அளந்து பார்த்தார். உறவை அரிக்கிற விஷயங்களா அவர் சொன்னது நாலு. ஆளையே குறை சொல்றது, இளக்காரம் பண்றது, 'நான் மட்டுமா?'ன்னு உடனே எகிறுறது, சுவர் மாதிரி வாயை மூடிக்கிறது. நாலிலும் மோசமானது இளக்காரம்தானாம். இதயம் நிமிஷத்துக்கு 100 தடவைக்கு மேல் துடிக்கும்போது யார் பேச்சும் காதில் ஏறாது. குறைஞ்சது 20 நிமிஷம் இடைவெளி விடுங்கங்கிறார். தம்பதிகளின் சண்டைகளில் சுமார் 69 சதவிகிதம் முழுசாத் தீரவே தீராத ரகம்னும் சொல்றார். ஆக, சண்டையே வராம பண்றது கவுன்சலிங்கோட வேலை இல்லை. சண்டைக்குள்ளே ஒளிஞ்சிருக்கிறதை வெளியே எடுக்கிறதுதான் வேலை.

நம்ம ஜோடிக்கும் அதுதான் நடந்தது. நாலாவது வாரம், 'அவர் போனை எடுக்கலைன்னா அந்த நிமிஷம் உங்க மனசில் என்ன ஓடும்?'னு கேட்டிருக்கார் கவுன்சலர். அவ அழுதுட்டா. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி, அண்ணனுக்கு 11 தடவை போன் போட்டிருக்கா. எடுக்கவே இல்லை. அப்பா இறந்தது இவனுக்குத் தெரியும். அந்த 11 தடவை தெரியாது!

அவனுக்கும் ஒரு கதை இருந்தது. திரும்பத் திரும்ப ரிங் வந்தாலே, 'எங்கடா இருக்க?'ன்னு சின்ன வயசுல அப்பா அதட்டின குரல்தான் ஞாபகம் வருமாம். மூணு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், இதை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கவே இல்லை.

ஒண்ணு மட்டும் கவனம். அடி, மிரட்டல், பயம் இருக்கிற உறவில் ஜோடியா உட்கார்ந்து பேசுறது தீர்வு இல்லை. அங்கே சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழலாம். அங்கே முதல் தேவை பாதுகாப்பு. பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கு, 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இருக்கு.

'என் ஆளு வரமாட்டேங்குது'ன்னா, நீங்க தனியாவே போகலாம். போயும் பிரிஞ்சுட்டா? கவுன்சலிங் தோத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்லை. ஒருத்தரை ஒருத்தர் அசிங்கப்படுத்தாம பிரியறதும் ஒரு லாபம்தான்.

நம்ம ஜோடி பிரியலை. அவன் இப்போ மீட்டிங்ல இருந்தா, 'நல்லா இருக்கேன், அப்புறம் பேசறேன்'னு ஒரு வரி மெசேஜ் தட்டிடுறான். அவளும் அதுக்கப்புறம் கூப்பிடுறதில்லை. சண்டை? அது நடக்குது. போன வாரம்கூட, டி.வி. ரிமோட்டுக்கு!

அடுத்த வாரம் சந்திப்போமா?