ஏரிக்கரையிலும் வகுப்பு வேண்டும்

பழவேற்காடு ஏரியில் பொழுது புலருமுன்பே படகுகள் கிளம்பிவிடுகின்றன. ஆழமில்லாத இடங்களில் பெண்கள் நீரில் இறங்கி, ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். எந்தச் சேற்றில் இறால் தங்கும் என்பது அவர்கள் விரல்களுக்குத் தெரியும்.

ஏன் தங்குகிறது? அதற்கு விடை விஞ்ஞானத்தில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுக்கக் கல்லூரிகளும் இருக்கின்றன. 1977-ல் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி தோன்றியது. 2012-ல் மீன்வளத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் அமைந்தது. அதன் கல்லூரிகளில் ஒன்று பொன்னேரியில் இருக்கிறது. அங்கிருந்து பழவேற்காடு சுமார் 20 கிலோமீட்டர்தான்.

இரண்டும் ஒன்றும்

மீன்வளப் பட்டப் படிப்புக்கு 4 ஆண்டுகள். பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் "2+1" என்பது போல ஒரு கணக்குப் போட்டிருக்கும். முதல் எண், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் விரிவுரை என்பதைக் காட்டும். அடுத்தது செய்முறை. அதில் ஒன்று என்றால் வாரத்துக்கு 2 மணி நேரம்.

கணக்கு சரிதான். அந்த 2 மணி நேரம் எங்கே, எப்போது என்பதுதான் கேள்வி.

நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அளக்கும் சோதனையைப் பாருங்கள். நீரைப் புட்டியில் முகந்தவுடன், அந்த இடத்திலேயே மருந்துகளை ஊற்றியாக வேண்டும். தாமதித்தால் புட்டிக்குள் உள்ள நுண்ணுயிர்கள் பிராணவாயுவை உட்கொண்டுவிடும். அளவு தவறிப் போகும்.

நேரமும் முக்கியம். பாசிகள் பகலில் பிராணவாயுவை வெளியிடுகின்றன. இரவில் அவையும் சுவாசிக்கின்றன. ஆகவே விடியுமுன் பிராணவாயு குறைவு, பிற்பகலில் அதிகம். பிற்பகல் வகுப்பில் மட்டும் அளந்த மாணவனுக்கு, விடியற்காலையில் மீன் மூச்சுத் திணறுவது எப்படித் தெரியும்? மீனவனுக்குத் தெரியும்!

ஏரியின் பஞ்சாங்கம்

ஏரிக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் காலங்கி ஆறும் நன்னீரைக் கொண்டு வந்து கொட்டுகின்றன. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் நீர் வற்றி, உப்பு கடல் நீரையும் மிஞ்சிவிடும்.

வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கின்றன. வழி அடைபட்டால் குஞ்சு வராது. குஞ்சு வராவிட்டால் வலையில் இறால் விழாது. குப்பத்தில் அடுப்பும் எரியாது.

ஆண்டுக்கு ஒரு நாள் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போனால் இவை புலப்படுமா?

மாதம் ஒரு நாள் முகத்துவாரம், நடு ஏரி, ஆற்று முகம் ஆகிய மூன்று இடங்களில் மாணவர்கள் உப்பு, வெப்பம், பிராணவாயு மூன்றையும் அளக்கட்டும். ஒரு வகுப்பு விட்ட நோட்டை அடுத்த வகுப்பு தொடரட்டும். பத்து ஆண்டுகளில் அது ஏரியின் ஜாதகமாகிவிடும். கண்ட அளவுகளைத் தமிழில் எழுதிக் குப்பத்துப் பலகையிலும் வைக்கலாம். படகோட்டும் மீனவருக்குக் கூலியோடு, சொல்லிக் கொடுப்பதற்கும் சம்பளம் தரலாம்.

இது ஆகாத காரியமல்ல. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியராக இருந்த சஞ்சீவராஜ் இந்த ஏரியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். இங்குள்ள உயிரினங்களைப் பற்றிய அவருடைய நூலைத் தேசியப் பல்லுயிர் ஆணையம் 2006-ல் வெளியிட்டது.

விரிவுரை வேண்டாம் என்பதல்ல. முகத்துவாரம் அடைத்தால் மீன் குறையும் என்று மீனவர் அறிவார். உப்பு ஏறினால் மீனின் உடலில் என்ன நடக்கிறது என்பதை ஆசிரியர்தான் விளக்க வேண்டும். கிராமத்தில் தங்கிப் பெறும் பயிற்சி இறுதி ஆண்டுப் பாடத்தில் இருக்கிறது. அதை முதல் ஆண்டிலேயே தொடங்கினால் என்ன?

குப்பத்துப் பிள்ளைகளும் இன்று பட்டப் படிப்புக்கு வருகிறார்கள். தாயின் விரல்கள் அறிந்ததைச் சோதனை நோட்டில் எழுதி மதிப்பெண் வாங்க அவர்களுக்கு வழி வேண்டும். பாடத் திட்டம் வகுப்பவர்கள் ஒரு நாள் விடியற்காலையில் பழவேற்காட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, பிறகு கால அட்டவணையை எழுதட்டும்.